அத்தை கெடுத்த மௌன விரதம்

தைப்பூசம் நெருங்கினால் எனக்குப் பக்தியும் வரும், கோபமும் வரும். இரண்டையும் அந்த முருகன்தான் தருகிறான் என்று நினைத்துக்கொள்வேன். போன வருஷம்கூட, பக்கத்து வீட்டுப் பையன் இரவு வேலை முடிந்து வந்த கையோடு, முகம்கூடக் கழுவாமல், குடும்பத்தைக் காரில் ஏற்றினான். "கொஞ்சம் படுத்து எந்திரிச்சுப் போயேன் தம்பி" என்றேன். "சாமி பாத்துக்குவாரு ஆன்ட்டி" என்று சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் கார்ச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் எங்கள் பூஜை அறையில் வேலுக்கு முன்னால் வைத்துவிட்டேன். "இப்ப சாமி பாத்துக்கிறாரு. நீ போய்ப் படு" என்றேன். அவன் மனைவி என்னை முறைத்தாள். முறைக்கட்டும். என் அத்தை வாங்கிய முறைப்புக்கு முன்னால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

எங்கள் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபின் வந்த முதல் தைப்பூசம் அது. எனக்கு எட்டு வயது. பத்துமலைக்கு நூறு மைல் தள்ளி, காஜா பேராங்கில் குடியிருந்தோம். கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்கு அடிக்கடி வலிப்பு வரும். ஆஸ்பத்திரி மருந்துக்கும் நிற்கவில்லை. பத்துமலைக்குப் போய் மொட்டை போடுவதாக அம்மா வேண்டிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். கோயிலில் சூடம் ஏற்றிய நேரத்திலிருந்து மலை கண்ணில் படும்வரை வண்டியில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் வேண்டுதல் பலிக்காது என்று அவர் ஒரு மௌன விரதத்தையும் சேர்த்து வைத்தார்.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வண்டி ஓட்ட வந்தவர் என் தாய்மாமா. மீன் லாரி டிரைவர். இரவெல்லாம் லாரி ஓட்டிச் சிங்கப்பூரிலிருந்து விடியும்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். விரதம் என்பதால் வயிற்றில் பாலைத் தவிர ஒன்றுமில்லை. முதலாளி தவுக்கேயிடம் இரவல் வாங்கிய காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமாவின் மனைவி, அதாவது என் அத்தை, பெரியப்பாவிடம் போனாள். "அண்ணே, ரெண்டு மணி நேரம் படுத்து எந்திரிக்கட்டுமே. கண்ணப் பாருங்க, செக்கச்செவேல்னு இருக்கு."

"முருகன் ஓட்டுறாம்மா வண்டிய. உன் புருசனா ஓட்டுறான்?" என்றார் பெரியப்பா. "சாமி காரியத்துக்குக் கெளம்புறப்ப தூக்கம் வருதுங்கிறவன் மனுசனா?"

மாமா அவசரமாகத் தலையாட்டி, "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். வேறென்ன சொல்வார்?

சூடம் ஏற்றினோம். கிளம்பினோம். முன்னால் மாமாவும் பெரியப்பாவும். பின்னால் தம்பியை மடியில் வைத்த அம்மா, நடுவில் நான், மாமாவுக்கு நேர் பின்னால் அத்தை. அலோர் காஜா வரைக்கும் சத்தமில்லை. நான் உதட்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டே வந்தேன். என் வாயில்தான் தம்பியின் உயிர் இருக்கிறது என்று நம்பினேன்.

தம்பின் ஊரைத் தாண்டியதும் அத்தை ஆரம்பித்தாள்.

"ஏங்க, உங்க தம்பி கல்யாணத்துக்கு எனக்கு ஒரு பொடவ எடுத்தீங்களே, அது என்ன கலரு?"

நான் உதட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். பெரியப்பா திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"உங்களத்தாங்க! என்ன கலரு?"

"பச்ச" என்றார் மாமா.

"பச்சயா? ஊதாப் பொடவய வாங்கிக் குடுத்துட்டுப் பச்சயாம்! யாருக்கு எடுத்தீங்க பச்ச?"

அதோடு நிற்கவில்லை. மாமாவின் அம்மாவை இழுத்தாள். உஜோங் பாசிர் கடற்கரையில் அவர் வாங்கிவந்த மீனை இழுத்தாள். "செத்து எத்தன நாளான மீனு அது? சொல்லுங்க! மீன் லாரி ஓட்டுறவருக்கு மீனு பாத்து வாங்கத் தெரியல!" விரதம் இருந்து சாமி கும்பிடப் போகிற வண்டியில் மீன்! பெரியப்பா வாய் திறக்க முடியாமல் முன்பலகையைத் தட்டு தட்டென்று தட்டினார். மாமா பதில் சொல்லாமல் விட்டபோதெல்லாம் அத்தை கையை நீட்டி அவர் பின்கழுத்தைக் கிள்ளினாள். பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். சும்மா கிள்ளவில்லை, நகம் பதியக் கிள்ளினாள்.

அந்த வயதில் யாரையும் நான் அப்படி வெறுத்ததில்லை. என் தம்பியை இவள் சாகடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

சிரம்பான் தாண்டி மலைப் பாதை ஏறும்போது அம்மா பொறுக்க முடியாமல் அழுதாள். தம்பியைக் காட்டி, அத்தையைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். அத்தை அம்மாவையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது! வெயில் ஏறியிருந்தது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போயின. பிறகு பக்கத்தில் வந்தன. இன்னும் பக்கத்தில் வந்து ஒரு கிளை ஜன்னலில் அடித்தது.

அத்தை அலறிக்கொண்டே மாமாவின் இரண்டு காதையும் பிடித்துத் திருகினாள். வண்டி புல்லில் குதித்து, ஆடி, ரோட்டுக்கு ஏறியது. எதிரே மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று ஆரன் அடித்தபடி எங்களை உரசுவதுபோல் போயிற்று.

"முருகா!" என்று கத்திய பெரியப்பாவுக்கு விரதம் கெடவில்லை. சாமி பெயர் கணக்கில் வராதாம். அடுத்து அவர் சொன்னதற்கு எந்தச் சாமி கணக்கு வைத்திருக்கிறதோ தெரியவில்லை. "உன் வாய்தாண்டி வண்டியக் காட்டுக்குள்ள இழுத்துச்சு. பொம்பளையா நீ?"

அத்தை மாமாவின் பக்கம் குனிந்தாள். "ஏங்க, பச்சப் பொடவ யாருக்குன்னு கேட்டேனே" என்றாள். பிடித்த காதை அவள் விடவில்லை. மலை தெரியும்வரை அவள் வாய் ஓயவில்லை.

தம்பிக்கு மொட்டை போட்டோம். முருகன் அவனைக் கைவிடவில்லை. இன்று அவன் பேரன் எடுத்துவிட்டான். ஆனால் பெரியப்பா சாகும்வரை, "அவ மட்டும் வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னும் சீக்கிரமே கொணமாயிருக்கும்" என்றே சொல்லிவந்தார். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அப்புறம் அத்தையை யாரும் மனம்விட்டு அழைக்கவில்லை. சாமியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு பெண்ணை அப்படி ஒதுக்கினார்கள்.

அன்று மலையடிவாரத்து ஆற்றில் குளிக்க மாமா சட்டையைக் கழற்றினார். கழுத்திலிருந்து தோள்வரை ரத்தம் கட்டிய நகக்குறிகள். அம்மா ஐயோ என்றாள். பெரியப்பா, "பேயக் கட்டிக்கிட்டே" என்றார். மாமா கழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

"வந்து சேந்துட்டோம்ல" என்றார்.

கரையில், மேளச் சத்தத்துக்கும் காவடிக் கூட்டத்துக்கும் நடுவில், அத்தை வெறும் மண்ணில் படுத்து அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தாள். சாமி சன்னதிக்கு வந்தும் தூக்கமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுப்பப் போனேன். ஈரத் துண்டை அவள் முகத்துக்கு நிழலாகப் பிடித்தபடி மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கே கண் சொருகியது. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

அத்தனை கிள்ளு வாங்கியவர் அவளுக்காக என்னைப் பேசாதே என்கிறாரே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. காலை உதைத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.