அடி கனத்த கோப்பை

வெனிஸ் கடைகளில் விளக்குப் போட்டு வைத்திருக்கிற நீலக் கூஜாக்களின் அடியில் ஃபெருச்சோ என்று கீறியிருக்கும். வாங்க வருகிறவர்கள் கவிழ்த்துப் பெயரைப் பார்த்துவிட்டு, ஆகா என்று தலையை ஆட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும். அதற்குள் போன மூச்சு என் புருஷன் ஓலிந்தோவுடையது. மூச்சுக்கு யார் பெயர் போடுகிறார்கள்?

ஃபெருச்சோ அவனுடைய அண்ணன், கண்ணாடி உலையில் மேஸ்திரி. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையால் இரும்புக் குழலை உருட்டுவார், மறு கையில் இடுக்கி. குழலின் அந்தப் பக்கம் ஓலிந்தோ மண்டி போட்டிருப்பான். ‘ஊது’ என்றால் ஊதணும், ‘போதும்’ என்றால் நிறுத்தணும். இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் அவன் வாலிபமே போய்விட்டது. அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. பாகு மாதிரி தொங்குகிற நெருப்பு தன் மூச்சில் வயிறு வைத்துப் பெருகுவதைப் பற்றிச் சாப்பிடும்போதுகூடப் பேசுவான். அந்த அழகை நானும் பார்த்திருக்கிறேன், மறுக்கவில்லை. முற்காலத்தில் எங்கள் முரானோ தீவை விட்டு ஓடின கண்ணாடிக்காரனின் குடும்பத்தைப் பிடித்துச் சிறையில் போட்டார்களாம். இப்போது காவலும் இல்லை, சிறையும் இல்லை. ஆனாலும் இந்த மனுஷர்கள் நகர மாட்டார்கள்.

அந்த வசந்தத்தில் இருமல் நிற்காமல், அவனை வெனிஸ் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. “நுரையீரல் தளர்ந்துபோச்சு. ஊதுறத விட்டா இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பாரு. விடலேன்னா இந்தக் குளிர்காலம் தாண்டமாட்டாரு.”

திரும்பும் படகு வழக்கம்போலக் கல்லறைத் தீவில் நின்றது. ஓலிந்தோ என்னை இடித்தான். “இங்கயே எறங்கிக்கட்டுமா? உனக்கு இன்னொரு தடவ அலைச்சல் மிச்சம்.”

“வாய மூடு. நாளைக்கே அண்ணன்கிட்ட சொல்லிட்டு நின்னுக்கோ. அக்கரையில, மேஸ்த்ரே ஊர்ல, என் தங்கச்சி புருஷன் காவல்கார வேலை வாங்கித் தருவான்.”

அவன் சிரிப்பை நிறுத்தினான். வீடு வந்து கதவைச் சாத்தின பிறகுதான் வாயைத் திறந்தான்.

“அண்ணனுக்குக் கண்ணு தெரியல, எல்டா.”

உலையை வெறித்து வெறித்து இரண்டு கண்ணிலும் படலம் விழுந்திருந்தது. சூட்டின் நிறம் அவருக்குத் தெரியாது. ஓலிந்தோதான் பதம் பார்த்துக் கண்ணாடியைக் கொண்டுவந்து வைப்பான். கோணினால் நகத்தால் குழலைத் தட்டுவான். அந்தச் சத்தத்தை வைத்து அவர் நேராக்குவார். பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்குக்கூடத் தெரியாது.

“வேற எவனாவது என் எடத்துக்கு வந்தா ஒரே நாள்ல குட்டு ஒடைஞ்சிரும். அந்தப் பெஞ்சு இல்லாம அண்ணன் என்ன பண்ணுவாரு? மாதா மேல சத்தியம் பண்ணு. என் நெஞ்சப் பத்தி அவருகிட்ட மூச்சு விடக் கூடாது.”

“மூச்சு விட முடியாதது நீதான்டா, பாவி,” என்று கத்தினேன். கத்திவிட்டுச் சத்தியமும் செய்தேன்.

வாயால் சொல்ல மாட்டேன் என்றுதானே சத்தியம்.

எங்கள் உலைகளில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிகிற நேரத்தில், பானைகளில் ஒட்டியிருக்கும் மிச்சச் சொச்ச நிறங்களைச் சுருட்டி, அவரவர் வீட்டுக்கு ஒரு குடிக்கிற கோப்பை ஊதிக்கொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஓலிந்தோ முழுக்கத் தன் கையால் செய்தது அந்தக் கோப்பைகள் மட்டும்தான். எங்கள் அலமாரி நிறைய அவைதான், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக.

ஞாயிற்றுக்கிழமை ஃபெருச்சோ அத்தானைச் சாப்பிடக் கூப்பிட்டேன். ஓலிந்தோ முற்றத்தில் விலாங்கு மீன் சுட்டுக்கொண்டிருந்தான். புகையில் அவன் இருமுவது உள்ளே கேட்டது. நான் மூன்று கோப்பைகளை எடுத்து வைத்தேன். போன வருஷத்தியது ஒன்று, கிறிஸ்துமஸ் சமயத்தியது ஒன்று, அந்த வெள்ளிக்கிழமை ஊதினது ஒன்று. கடைசியதில் ஒயினை ஊற்றி அவர் கையில் கொடுத்தேன்.

குடிக்கப் போனவர் நிறுத்தினார். விரல்கள் விளிம்பிலிருந்து கீழே இறங்கின. மேல் பாதி மெல்லிசு. கீழே தடித்து, கல் மாதிரி கனம். ஊதும்போது பாதியில் மூச்சு அறுந்து, அதற்குள் கண்ணாடி ஆறிவிட்டது.

“இது யாரு ஊதினது?”

“உங்க தம்பி.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழமை. இது கிறிஸ்துமஸ்ல ஊதினது, அத்தான். இது போன வருஷம்.”

ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பித் தடவினார். டாக்டர் வாயால் சொன்னதை அவர் விரலாலேயே தெரிந்துகொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது. முற்றத்தில் மறுபடியும் இருமல். அவர் ஒயினை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“உன் வீட்டுல எல்லாமே கோணல்தான், எல்டா,” என்றார். 

அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். நாளைக்கு அத்தானே தம்பியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று உறுதியாக நம்பினேன். ஒரு வேளை தானும் பெஞ்சை விட்டு எழுந்துவிடுவார். இரண்டு கிழவர்களும் சாவகாசமாக வீட்டில் உட்கார்ந்து சீட்டாடட்டும், நான் சோளமாவில் பொலெந்தா கிண்டிப் போடுகிறேன்.

மறுநாள் காலை, சாப்பாடு கொடுக்கிற சாக்கில் உலை வாசலில் போய் நின்றேன். அத்தான் பெஞ்சில் இருந்தார். ஓலிந்தோ கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மண்டி போட்டான். என் மரச் செருப்புச் சத்தம் அவருக்குத் தெரியும். வெளுத்த கண்களை வாசல் பக்கம் திருப்பினார். குழல் உருண்டுகொண்டே இருந்தது. ‘ஊது’ என்ற சொல் மட்டும் வரவில்லை. கண்ணாடி தொய்ய ஆரம்பித்தது. ஓலிந்தோ பதறிப்போய் நகத்தால் இரண்டு தரம் தட்டினான்.

எழுந்திருங்கள், அத்தான், எழுந்திருங்கள் என்று மனசுக்குள் அலறினேன்.

அவர் முகத்தை என்னிடமிருந்து திருப்பிக்கொண்டார்.

“ஊது, தம்பி,” என்றார்.

அந்தப் பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் அவர் அவனைத் தம்பி என்று கூப்பிட்டதே இல்லை. டாக்டர் சொன்னபடி ஓலிந்தோ அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. ஆனால் அன்றைக்கு, அந்த ஒரு வார்த்தைக்கு, அவன் முகமெல்லாம் பூரித்துப்போய் ஊதினான்.