பிரேக்கில் அடித்த பச்சைப் பெயின்ட்

மாதேஸ்வரன் மலைக்கு வருடா வருடம் என்னோடு நடக்கிற உங்களுக்கு இதை எழுதுகிறேன். போன தீபாவளி நடையில், ஹனூரில் தங்கிய இடத்தில் என் கழுத்தில் மாலை போட்டீர்கள். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அன்று நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மீதியைச் சொல்லாமல் இந்த வருடம் உங்களோடு நடக்க எனக்கு முகமில்லை.

எனக்குச் சொந்த ஊர் மார்டள்ளி. வேலை மைசூரில், லிஃப்ட் மெக்கானிக். மண்டி மொஹல்லாவில் ஒரு நர்சிங் ஹோமில் இருக்கும் லிஃப்டை இருபத்திரண்டு வருடமாக நான்தான் பார்க்கிறேன். பழைய மெஷின். ஒழுங்காகப் பார்த்தால் இன்னும் இருபது வருடம் ஓடும். ஒழுங்காகப் பார்த்தால் என்றுதான் சொல்கிறேன்.

நான் பார்த்த லட்சணம் இது. மொட்டை மாடி அறையில்தான் மெஷின் இருக்கிறது. மோட்டார் நின்றதும் இரண்டு இரும்புக் கைகள் சக்கரத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதுதான் பிரேக். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தக் கைகளைக் கழற்றி, அவை அசையும் அச்சான பின்களைத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். நான் கழற்றி ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் ரெஜிஸ்டரில் தவறாமல் எழுதினேன்: பிரேக் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது. கீழே என் கையெழுத்து.

பூஜை மட்டும் ஒரு வருடமும் தவறவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மெஷின் முழுக்கப் பச்சைப் பெயின்ட் அடிப்பேன். சந்தனம், குங்குமம், மாலை, வாசலில் வாழைக்கன்று. டாக்டர்கள் மேலே வந்து பார்த்து, புது மெஷின் போல இருக்கிறது என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். போன வருடம் டப்பாவில் பெயின்ட் மிச்சமிருக்கிறதே என்று பிரேக்கின் பின்களிலும் சொதசொதவென்று அடித்துவிட்டேன். அங்கே பெயின்ட் படக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது.

அடுத்த புதன்கிழமை காலை பத்தரை மணி. காய்ந்த வாழைக்கன்றை எடுத்துப் போட மேலே போயிருந்தேன். லிஃப்ட் இரண்டாம் மாடியில் நின்றது. மோட்டார் சத்தம் அடங்கியது. ஆனால் சக்கரம் நிற்கவில்லை. மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே ஒரு பெண் அலறினாள்.

பிரேக்கின் ஒரு கை விரிந்தபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று மட்டும் வழுக்கி வழுக்கிப் பிடித்தது. "மாதேஸ்வரா, கீழே இருக்கற உசுருகளக் காப்பாத்து. நான் பண்ணுன தப்பு இது. எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறேன்" என்று கத்திக்கொண்டே சுத்தியலால் அந்தக் கையில் அடித்தேன். முதல் அடிக்கு அசையவில்லை. இரண்டாவது அடியில் படீரென்று மூடிக்கொண்டது. சக்கரம் நின்றது. தெறித்த பெயின்ட் துண்டு ஒன்று என் புறங்கையில் ஒட்டியிருந்தது.

ஆபரேஷன் முடிந்த ஒரு வயதான அம்மாவை ஸ்ட்ரெச்சரில் பாதி வெளியே தள்ளியிருந்தபோது லிஃப்ட் இறங்க ஆரம்பித்திருக்கிறது. லிஃப்ட்மேன் சின்னச்சாமி ஸ்ட்ரெச்சரை ஒரே இழுப்பாக உள்ளே இழுத்துவிட்டார். அவருடைய இடது கை கதவில் நசுங்கியது. மற்றவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. கடவுள் என் வேண்டுதலைக் கேட்டார். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நான்தான் என் வாக்கைக் காப்பாற்றவில்லை. மானேஜர் மேடம் காரணம் கேட்டார். "ஓவர்லோடு ஆகியிருக்கும், மேடம்" என்றேன். எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் அன்று இருந்தது ஆறு பேர். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருடம் பார்த்தவன் சொன்னால் நம்பத்தானே செய்வார்கள். அன்றிரவே பின்களைச் சுரண்டி, யாருக்கும் தெரியாமல் பிரேக்கைச் சரிசெய்தேன். ஆளை அதிகம் ஏற்றினார் என்று மறுநாளே சின்னச்சாமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

கையில் கட்டோடு அவர் என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்ணா, நீங்க சொன்னா செரியாத்தான் இருக்கும். நாந்தேன் ஒரு ஆள் சேத்தி ஏத்திப்போட்டனோ என்னமோ" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சின்னச்சாமிக்கு வேறு எங்காவது நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று வேண்டினேன். பாருங்கள் என் புத்தியை. நான் வாயைத் திறந்தால் முடிகிற காரியத்தைக் கடவுள் தலையில் கட்டினேன். பதில் வரவில்லை. எப்படி வரும்?

பிறகுதான் அந்த நடை. ஹனூரில் சுத்தியல் கதையைச் சொன்னேன். பெயின்ட் கதையைச் சொல்லவில்லை. "உகே மாதப்பா" என்று சாமி பேரைச் சத்தம் போட்டு மாலை போட்டீர்கள். உங்களில் ஒருவர், "இருபது வருசம் பூஜ பண்ணுன பலன், சும்மாவா?" என்றார். கூட்டத்தின் கடைசியில் சின்னச்சாமி நின்றிருந்தார். வேலை கேட்டு வேண்டிக்கொண்டு செருப்பில்லாமல் நடந்து வந்தவர். கட்டுப் போட்ட கையால் கைதட்ட முடியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம அண்ணனாக்கும்" என்றார்.

அந்த மாலை கழுத்தில் அரித்தது. மறுநாள் மலை ஏறும்போது வேறு எதையும் கேட்கவில்லை. என் வாயைத் திறந்துவிடு சாமி, அது போதும் என்று மட்டும் கேட்டபடி ஏறினேன்.

திங்கட்கிழமை, அன்று கையில் ஒட்டி நான் எடுத்து வைத்திருந்த பெயின்ட் துண்டையும் ரெஜிஸ்டரையும் மேடத்தின் மேஜையில் வைத்தேன். எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை. ஆனால் முழுதும் பேசினேன். அவர் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே கன்னடத்தில் கேட்டார், இத்தனை வருடமாக எழுதியதெல்லாம் பொய்யா என்று.

"அஞ்சு வருசம் பொய், மேடம். அதுக்கு முந்தி நெஜம்."

"அந்த ஆளிடம் யார் சொல்வது?"

"நானே சொல்றேன்."

சின்னச்சாமி வீட்டு வாசலில் நின்று சொன்னேன். உள்ளே வா என்று அவர் கூப்பிடவில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, "அத்தன பேரு முன்னால மாலையும் வாங்கிக்கிட்டீங்களே" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. என்னை மூன்று மாதம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு, இன்னொரு மெக்கானிக் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் என் வேலையைச் சரிபார்க்கிறான். சரிபார்க்கட்டும். பச்சைப் பெயின்டை முழுக்கச் சுரண்டி எடுத்தேன். பிரேக்கைக் குறித்த நாளில் கழற்றுகிறேன்; திங்கட்கிழமைதோறும் தொட்டுப் பார்க்கிறேன். இனி ஆயுத பூஜைக்கு ஒரு முழம் பூ மட்டும்தான்.

நன்றி என்று சொன்னால், இரண்டுக்கும் சொல்கிறேன். அந்த உயிர்களைக் காப்பாற்றியதற்கு. என்னைத் தப்பிக்க விடாததற்கு. நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள், கேட்பார். ஆனால் நெருக்கடியில் அவரிடம் என்ன சொன்னீர்களோ அதைச் செய்துவிடுங்கள். என்னைப் போல இன்னொருவர் கை நசுங்கிய பிறகும் மாலை வாங்கிக்கொண்டு நிற்காதீர்கள்.

சின்னச்சாமி என்னை இப்போது அண்ணா என்று கூப்பிடுவதில்லை. திங்கட்கிழமை காலையில் முதல் நோயாளியை ஏற்றும் முன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"சார், பிரேக் பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சு."

என் விரல்களில் எண்ணெய்க் கரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்.