புளி போட்டுத் தேய்த்த ஏர்கன்

பாத்திரம் துலக்குவதில் எங்கள் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. எட்டு வயதில் எனக்கிருந்த இந்த நம்பிக்கைதான் சித்தப்பாவின் கல்யாணத்துக்கே உலை வைக்கப் பார்த்தது.

சித்தப்பாவிடம் ஓர் ஏர்கன் இருந்தது. தாத்தா வாங்கியது, கதிர் முற்றும்போது வயலில் இறங்கும் குருவிகளை விரட்ட உதவும். அப்போது சித்தப்பாவுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; மன்னார்குடியிலிருந்து வந்த ஜாதகம் ஒன்று பொருந்தியிருந்தது. அந்தப் பெண்ணும் சித்தப்பாவும் மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனவர்கள் என்பது வீட்டில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், பழைய ஏர்கன்களைத் தேடித்தேடிச் சேர்ப்பவர் என்று தரகர் சொன்னதும் சித்தப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "நம்ம துப்பாக்கியப் பாத்தா மனுசன் விழுந்துடுவாரு அண்ணி," என்று அம்மாவிடம் சொன்னார். விஜயதசமியன்று வாத்தியார் வருவதாக ஏற்பாடு.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. மண்வெட்டி, அரிவாள், டிராக்டர் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்தார்கள். பூஜைப் பாத்திரங்கள் என் பொறுப்பு. குத்துவிளக்கை முடித்த கையோடு, கருகருவென்று கிடந்த ஏர்கனைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. புளியும் செங்கல்தூளும் போட்டு அரைமணி நேரம் தேய்த்ததில் குழல் வெள்ளிபோல ஆனது. சந்தனம், குங்குமம் வைத்துப் பட்டுத்துணி போர்த்திப் பூஜையில் வைத்துவிட்டேன். அங்கே வைத்ததை மறுநாள்வரை யாரும் எடுக்கக் கூடாது என்பது வழக்கம்.

மறுநாள் வந்த வாத்தியார் காப்பியைக்கூடத் தொடவில்லை. "எங்க தம்பி, அதக் காட்டுங்க," என்றார். சித்தப்பா துணியை விலக்கினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. வாத்தியார் குழலை விரலால் தடவினார்.

"பழசா இருந்தா மட்டும் போதாது தம்பி. கம்பெனி போட்ட கருநீலப் பூச்சு அப்படியே இருக்கணும். கை பட்டுப் பட்டுத் தேஞ்சிருந்தாலும் அழகுதான். துரு இருந்தாலும் ஏத்துக்குவேன், அது அதோட வயசு. ஒருதரம் சொரண்டிட்டா திரும்ப வராது. யாரு இந்த வேலயப் பாத்தது?"

கதவோரம் நின்ற என்னைச் சித்தப்பா ஒரு கணம் பார்த்தார். "நான்தாங்க. நீங்க வர்றீங்க, பளிச்சுன்னு இருக்கட்டுமேன்னு தேச்சேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. கைத்தோல் உரியத் தேய்த்தது நான், பெயர் வாங்கிக்கொள்வது அவரா? "பொய்! நான்தான் தேச்சேன்! புளி போட்டு!" என்று கூடத்தின் நடுவில் போய் நின்று உள்ளங்கைகளை விரித்துக் காட்டினேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டார்.

வாத்தியார் என் கையைப் பார்த்தார். பிறகு சித்தப்பாவை வெகுநேரம் பார்த்தார். ஏர்கனைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

"வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வாங்க," என்றார். "இந்தப் பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

அந்த ஏர்கன் அவர் அலமாரிக்குப் போகவே இல்லை. இன்றும் எங்கள் வீட்டில்தான் கிடக்கிறது. ஆனால் சித்தி வந்துவிட்டார். என் கைவேலையின் பளபளப்பில் மயங்கித்தான் வாத்தியார் பெண் கொடுத்தார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா சொன்ன அந்தப் பொய்யை மன்னிக்கத்தான் எனக்கு இரண்டு மாதம் ஆனது.