பிடிவாரண்டும் எமகண்டமும்

எங்கள் சேலையூர் காலனியில் ராகு காலம் எப்போது என்று தெரிந்துகொள்ள யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. யக்ஞநாராயணன் சார் செருப்பைப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வாசற்படியிலேயே நின்றால் ராகு காலம். நடக்க ஆரம்பித்தால் முடிந்துவிட்டது. அவர் ரிட்டயரான கெமிஸ்ட்ரி வாத்தியார். நான் அடுத்த வீட்டு ஜெரோம், மாதா கோயிலுக்குப் போகிறவன். எனக்கு ராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. இருந்தும் அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

கேஸ் பெரிதில்லை. கேம்ப் ரோட்டில் அவர் ஸ்கூட்டர் ஒரு பழக்கடைக்காரர் காலில் ஏறிவிட்டது. கால் சரியாகிவிட்டது, கேஸ் சரியாகவில்லை. முதல் வாய்தா ஒரு வெள்ளிக்கிழமை. நெரிசலில் பஸ் ஊர்ந்து, அவர் தாம்பரத்தில் கோர்ட் வாசலுக்கு வருவதற்குள் பத்தரை தாண்டி ராகு காலம் பிறந்துவிட்டது. அந்த நேரத்தில் காலை எடுத்து வைப்பாரா? எதிரே டீக்கடையில் உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அவர் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். பன்னிரண்டு அடித்ததும் எழுந்து, வலது காலை வைத்து உள்ளே போனார். அதற்குள் பிடிவாரண்ட் போட்டாகிவிட்டது.

"கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலையா சார்?" என்றேன், அன்று சாயங்காலம் அவர் வீடு திரும்பியதும்.

"நன்னாக் கேட்டுது ஜெரோம். பேரைக்கூடத் தப்பில்லாமதான் கூப்பிட்டான்."

வயதில் சிறியவராக இருந்தால் தலையில் குட்டியிருப்பேன்.

வக்கீல் ஷ்யாம்சுந்தர் அன்று செங்கல்பட்டில் வேறு கேசில் இருந்தார். பார்த்துக்கலாம் என்று ஒரு வாரம் ஓட்டினார். அடுத்த சனிக்கிழமை கான்ஸ்டபிள் வந்து நின்றபோது, சார் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. வியாழக்கிழமை அவருடைய ஒரே பெண் மிருதுளாவுக்குக் கல்யாணம். அவர்கள் வழக்கப்படி பெண் அப்பா மடியில் உட்கார்ந்துதான் தாலி கட்டிக்கொள்ள வேண்டும்.

"இன்னா சார், கல்யாண வூடு. கைல வாரண்ட் கீது," என்றார் கான்ஸ்டபிள், சங்கடப்பட்டுக்கொண்டே. "திங்கக்கெழம நீங்களே கோர்ட்ல போய் நின்னுடுங்க. இல்லாங்காட்டி நான் வந்து இட்டுகினு போவணும். பேஜாராப் பூடும்."

சார் தலையாட்டினார். பிறகு காலண்டரைப் பார்த்தார். திங்கட்கிழமை பத்தரையிலிருந்து எமகண்டம்.

சீக்கிரம் போய் உள்ளே உட்கார்ந்துவிடலாம் என்று நான்தான் காரில் கூட்டிப்போனேன். மனு கையில் இல்லாமல் உள்ளே போகக் கூடாதென்று வக்கீல் சொல்லியிருந்ததால் வாசலிலேயே காத்திருந்தோம். ஷ்யாம்சுந்தர் வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் மனுவை டைப் செய்து எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். "வயித்துப்போக்குன்னு சொல்லிடுங்க சார்," என்றார். நான் டீக்கடையைப் பார்த்தேன். சாரும் டீக்கடையைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். இடது காலை வைத்துத்தான் போனார். அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன்.

"போன வாய்தாவுக்கு ஏன் வரல?" என்றார் மாஜிஸ்திரேட் அம்மா.

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் சார் சொல்லிவிட்டார். "வந்தேம்மா. வாசல்லதான் இருந்தேன். ராகு காலம்."

ஷ்யாம்சுந்தர் தன் ஷூவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இப்ப என்ன காலம்?"

"எமகண்டம்மா."

"இதுல மட்டும் எப்படி வந்தீங்க?"

"வியாழக்கிழமை பொண்ணுக்குக் கல்யாணம்மா. என் மடியில உக்காந்துண்டுதான் தாலி கட்டிக்கணும்." அவர் குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கு என் நல்லதுக்கு நேரம் பார்த்தேன். இது அவ நல்லது. நேரம் பார்த்துண்டு நிக்க முடியலை."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

அம்மா வாரண்டை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். அடுத்த வாய்தாவுக்குக் காலண்டரைப் புரட்டினார். "அடுத்த மாசம். வெள்ளிக்கிழமை. பத்தரை மணி," என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"வந்துடறேம்மா," என்றார் சார்.

வியாழக்கிழமை மிருதுளா அவர் மடியில் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியபோது சார் சின்னக் குழந்தைபோல் அழுதார். சடங்கெல்லாம் முடிந்து அட்சதை ஒட்டிய தலையோடு நேரே என்னிடம் வந்து, காதோரம் குனிந்தார்.

"அடுத்த மாசம் கோர்ட்டுக்கு பஸ் வேண்டாம் ஜெரோம். உன் கார்லயே பத்து மணிக்குள்ள உள்ள போய் உக்காந்துடலாம்."