செல்லக்கனி திறந்த வரத்துக்கால்

ஆமத்தூர்ப் பக்கத்தில் நம் ஊர்க் கண்மாய் பதினோரு வருடமாக நிறையவில்லை. மழை பெய்யாமல் இல்லை. ஓடைத் தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுவரும் வரத்துக்காலை மூடி, அதன் மேல் பட்டாசுக் கம்பெனி வெடி காயப்போடும் மேடை கட்டியிருந்தது. கல்லும் மண்ணும் சுமந்து மூடியது யார்? அங்கே வேலை பார்த்த நம் பெண்கள்தான். முதல் தட்டுக் கல்லைக் கொட்டியவள் செல்லக்கனி.

பட்டாசு ஊரில் வானம் கறுத்தால் பயம்தான். வெடிமருந்து நனைந்தால் வேலை நிற்கும். மழையை வெறுத்த சனம், அது ஓடும் வாய்க்காலையும் வெறுத்தது. பிறகு கிணறு வற்றியது, போர்வெல் தண்ணீர் உப்பாய்ப் போனது, ஊரும் கம்பெனியும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றன.

இந்தத் தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டியதும், செல்லக்கனி ஃபோர்மேன் பலவேசத்திடம் போனாள். மேடையைப் பின்னாலுள்ள மேட்டுக்கு நாங்களே மாற்றித் தருகிறோம், வரத்துக்காலைத் திறக்க வேண்டும் என்றாள். கை வைத்தால் இனி வேலை கிடையாது என்றார் அவர். மகள் ஐஸ்வர்யாவின் நர்சிங் படிப்பு அந்தக் கூலியில்தான் ஓடியது.

வரத்துக்கால் ஊர்ப் புறம்போக்கு என்று காட்டும் வரைபட நகலைச் செல்லக்கனி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் மண்வெட்டியோடு தனியாக இறங்கினாள்.

"ஏத்தா, கொட்டுன கல்ல எண்ணிப் பாக்கியா?" என்று கேலி பேசினாள் கூட வேலை பார்க்கும் இருளம்மாள்.

"நாங் கொட்டுனது. நாந்தான அள்ளணும்."

மத்தியானம் இருளம்மாளே மண் அள்ளும் தட்டோடு வந்தாள். மூன்றாம் நாள் நாற்பது பேர். மேடை மேட்டுக்கு ஏறியது, வரத்துக்கால் திறந்தது.

கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்தது. ஊரே கரையில் நின்றது.

கம்பெனி திறந்த அன்று பலவேசம் அவளை மட்டும் வாசலில் நிறுத்தினார். ஆரைக் கேட்டுத் தோண்டினாய் என்றார்.

"வாய்க்கால மூடும்போது ஆரும் கேக்கலையே அண்ணாச்சி. மருந்து நனஞ்சா நாலு நாளு வேலை நிக்கும். தண்ணி இல்லாட்டி நம்ம பிள்ளைக இங்கன நிக்குமா?"

பின்னால் நாற்பது பெண்களும் அசையவில்லை. கண்மாய் நிறைந்ததில் கம்பெனி போர்வெல் தண்ணீரும் உப்பு நீங்கி நல்ல தண்ணீராகியிருந்தது. காலையில் அந்தத் தண்ணீரில்தான் பலவேசம் டீ போட்டுக் குடித்திருந்தார். விலகி வழிவிட்டார்.

செல்லக்கனி தலை நிமிர்ந்து உள்ளே போய்க் குழாயைத் திறந்து, இரண்டு கை நிறைய ஏந்திக் குடித்தாள்.