குழாயடியிலிருந்து எண்ணியவர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு வருடம் ஜெபத்தில் வைத்திருந்தேன்.

தாராவிப் பக்கம் எங்கள் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு காவல்காரர் இருந்தார். ஒல்லி உடம்பு, பித்த வெடிப்பு விழுந்த பாதம். ஏழைகள் நடும் மரச்சிலுவை நாலு மழையில் மக்கிவிடும். கல்லறைத் திருநாளில் யார் வந்து கேட்டாலும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயிலிருந்து அடியளந்து போய் நிற்பார். "இங்கனதான் உங்க அம்மா" என்பார்.

அவர் ஊருக்குப் போயிருந்த மாதம் நாங்கள் தேவாலயக் கமிட்டியில் தோட்டத்தைப் புதுப்பித்தோம். மண்ணைச் சமப்படுத்தினோம். குழாயை வாசலுக்கு மாற்றச் சொன்னது நான்.

அந்த வருடத் திருநாளுக்கு ஒரு தாய் மெழுகுவர்த்தியோடு வந்தாள். "அண்ணே, என் பிள்ள எங்க?"

அவர் செருப்பைக் கழற்றினார். முதல் அடியை எங்கே வைப்பதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் வார வரைக்கும் பொறுத்திருக்கலாம்லா?"

"குழாய் இருந்த பழைய இடம் ஞாபகம் இல்லையா?"

"எல்லாம் ஒரே தரையால்லா கெடக்கு."

அந்தத் தாய் நின்ற இடத்திலேயே மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அது எரிந்து முடியும்வரை அவர் காற்றுக்குக் கையால் மறைத்துக் குந்தியிருந்தார். எனக்கு ஜெபம் வரவில்லை.

இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், கமிட்டி செய்தது என்று மாற்றிவிடாதீர்கள். நான் செய்தேன் என்றே சொல்லுங்கள்.