டிஷ்ஷுக்குப் பிடித்த குடை

கொட்டும் மழையில், மொட்டைமாடியில், சாட்டிலைட் டிஷ்ஷுக்குக் குடை பிடித்தபடி நின்றவன் நான். அதுவும் பொறியியல் படித்துவிட்டு. யாரும் சொல்லி ஏறவில்லை, சொந்த அறிவு. அந்தக் குடை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முசே மேல்தான் கோபம் வரும்.

முசே எங்கள் மேலாளர். பிரான்சில் படித்தவர் என்பதால், பிரெஞ்சில் ‘ஐயா’ என்று பொருள்படும் அந்தப் பட்டம். இரண்டாயிரங்களின் நடுவில் மூலக்குளத்தில் இருந்த எங்கள் அலுவலகம், புகார் சொல்பவர் யாரென்று தெரியாதபடி செய்தி அனுப்பும் வலையமைப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. செய்தி பல நாட்டுக் கணினிகள் வழியே சுற்றிப் போகும். கிளம்பிய இடம் மறைந்துவிடும். பதிலும் அப்படியே சுற்றி வருவதற்குள் டீயில் ஆடை கட்டிவிடும். அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான் டிஷ். பதிலை மட்டும் செயற்கைக்கோள் ஊருக்கே பொழியும். சாவி வைத்திருப்பவர் மட்டும் திறப்பார். தெருவில் மீன்காரம்மா கூவுவது எல்லார் காதிலும் விழுகிறது, வாங்கப்போவது யாரென்று யாருக்குத் தெரியும்? நல்ல யோசனை. இன்றும் சொல்வேன்.

முதலீட்டாளர்கள் பார்க்க வந்த அன்று, சோதனைப் பிரிவு அக்கா மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நிஜமான புகாரையே அனுப்பத் தயாரானார். அவருடைய குப்பத்து முகத்துவாரத்தில் ஒரு தொழிற்சாலைக் கழிவால் மீன்கள் செத்து மிதந்தன.

“பேரு வெளிய வராதுல்ல சார்? எங்க ஊட்டுக்காரரு அங்கதான் வேலை பாக்குறாரு.”

“சாமியே வந்து கேட்டாலும் தெரியாதும்மா” என்றேன்.

மழை பிடித்தது. முதலில் அனுப்பிப் பார்த்த வெற்றுச் செய்திக்கு பதில் கொஞ்சம் தடுமாறி வந்தது. நான் குடையோடு மேலே ஓடினேன். அதன்பின் பதிலே வரவில்லை. கீழே முசே பொறுமையிழந்தார். “உள்ளூர் ஆபீசுக்குப் போறதுக்கு எதுக்குய்யா ஒலகத்த சுத்தணும்? நேரா வுடு!” இடைக்கணினிகளை எல்லாம் வெட்டினார். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புகார் எங்கள் அலுவலக முகவரியோடு நேராகப் போய்ச் சேர்ந்தது.

அங்கிருந்து தொழிற்சாலைக்குக் கசிந்தது. விசாரிக்க வந்தவர்களுக்கு முசே காபி கொடுத்து, கூடவே அக்காவின் பெயரையும் கொடுத்தார். கணவருக்கு வேலை போயிற்று. அக்கா தானே விலகினார். முசேவுக்குப் பதவி உயர்வு. ஒளிந்துகொள்ள அறை கட்டித் தருகிறேன் என்று அழைத்துவிட்டு, கதவு மெதுவாகத் திறக்கிறது என்று சுவரையே இடிக்கிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ‘வேகம்’ என்று யார் பெருமை பேசினாலும் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்ற மாதம் நோணாங்குப்பம் படகுத்துறையில், அக்காவும் கணவரும் நடத்தும் சாப்பாட்டுக் கடை வாசலில், அதே குடையின் கீழ் நின்று முசேவைத் திட்டித் தீர்த்தேன். மீனைத் திருப்பிப் போட்டபடியே அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குடையை அண்ணாந்து பார்த்தார்.

“அன்னிக்கு பதில் வராததுக்கு மழை காரணமில்ல சார். இந்தக் கொடைக் கம்பிதான் சிக்னல மறைச்சிது. நீங்க கீழ எறங்கியிருந்தா, அவரு எதையுமே வெட்டியிருக்க மாட்டாரு.”